கொன்ஸ்ரன்ரைனின் வயது

2012ஆம் ஆண்டு யூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, பகேரியா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் லிபோரியோவின் பட்டறையில் நின்ற ரூலொத் ஒன்றுக்குள் நான்கு விரல் உயரத்துக்கு வெண்பனி பெய்தது. ரூலொத் என்பது காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வெளியே முப்பத்தெட்டுப் பாகை வெயில். உள்ளே குந்தியிருந்து பழைய பெயின்ற் சுரண்டிக்கொண்டிருந்த அருளையா, தூசு பறந்து பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வரக்கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தார். பனி நின்றதும் தும்புத்தடியை எடுத்துக் கூட்டி வாசலால் தள்ளினார். அது முற்றத்தில் உருகி முடிய ஏழு நிமிடம் எடுத்தது. அன்றைக்குப் பட்டறையில் மின்விசிறியும் வேலை செய்யவில்லை. ஆகவே யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அடுத்த சில மாதங்களில் விஷயம் பிடிபட்டது. அருளையா உள்ளே இருந்து கதவைச் சாத்தினால், அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்த ஊரில் என்ன வானிலையோ அது உள்ளே வரும். இங்கிலாந்து வண்டிகளுக்குள் பெரும்பாலும் தூறல். மிலானோப் பக்கத்து வண்டிகளுக்குள் மூடுபனி. ஒருமுறை அதற்குள் ஸ்குரூ திருப்பியைக் கீழே வைத்துவிட்டு அரைநாள் தடவினார். வேறு யார் போய் இருந்தாலும் ஒன்றும் வராது. முதலாளி லிபோரியோ மூன்று தடவை இருந்து பார்த்தான், வியர்த்ததுதான் மிச்சம். ஆனால் அவன் விவரமான ஆள். அருளையா வெளியே வந்து காற்று எந்தப் பக்கம், குளிர் எவ்வளவு, இடி எத்தனை என்று சொல்லச் சொல்ல, பழைய வானிலைப் பதிவுகளைக் கணினியில் தேடி நாளையும் ஊரையும் கண்டுபிடித்துவிடுவான்.

பழைய வண்டிகளைப் பதிகிற சங்கத்துக்காரர் மழையை ஏற்க மாட்டார்கள், அது நியாயமும்தான். அதனால் மழை சொன்ன ஆண்டுக்கு அருளையா ஆதாரம் தேடுவார். யன்னல் பிளாஸ்ரிக்கின் மூலையில் வார்ப்பு எண் இருக்கும். பின்விளக்கின் சிவப்பு மூடிக்குள் ஆண்டு பொறித்திருக்கும். இழுவைச் சட்டத்தில் அறைந்த தகடு கழன்று தொலைந்திருந்தாலும் ஆணி போன துளைகள் நான்கும் இருக்கும். துளைக்குத் துளை தூரம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறு. சுவர்ப் பலகையைக் கழற்றினால், செய்த தச்சன் பென்சிலால் கிறுக்கிய தேதி சிலவேளை அகப்படும். கோழிக்கூடாகக் கிடந்தவை, தேனீப் பெட்டி வைத்தவை, வாழ்ந்தவர்கள் செத்துப்போய்ப் பத்திரம் எதுவும் இல்லாதவை, எல்லாவற்றுக்கும் பிறந்த நாளும் பிறந்த ஊரும் எழுதிக் கொடுத்தார். தொரினோவிலிருந்துகூட ஆட்கள் கப்பலில் வண்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கொஸ்தந்தீனோ கையெழுத்து வைத்தால் சங்கத்தில் மறுபேச்சு இல்லை என்று ஆகிவிட்டது.

கொஸ்தந்தீனோ என்பது அவருடைய பெயர் இல்லை. அது அவருடைய தம்பி கொன்ஸ்ரன்ரைனின் பெயர். ஒன்பது வயது இளையவன். 1990இல் அவனுக்கு இத்தாலி விசா குத்தின பாஸ்போட் மன்னாருக்கு வந்து சேர்ந்தபோது, அவனைப் பற்றைக்குள்ளிருந்து தூக்கி வந்து புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. யார் சுட்டார்கள் என்று கேட்கக்கூடிய காலம் இல்லை. காணியை விற்று எடுத்த விசா வீண்போகக் கூடாது என்று தாய் சொன்னார். அண்ணன் தம்பிக்கு ஒரே முகவெட்டு. மீசையை வழித்ததும் முப்பத்திரண்டு வயது இருபத்துமூன்று ஆகிவிட்டது. அப்படி வந்தவர் பலேர்மோவில் கொன்ஸ்ரன்ரைனாகவே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து, பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் பத்தொன்பது வருடம் நிலம் துடைத்து, செலஸ்ரீனாவைக் கலியாணம் முடித்து, லக்ஷனா என்ற மகளுக்குக் கொன்ஸ்ரன்ரைன் என்பதையே குடும்பப் பெயராகவும் கொடுத்தார். தம்பிக்கு மரண அத்தாட்சி எடுக்கவே இல்லை. எடுத்தால் பலேர்மோவில் நிற்கிறவன் யார் என்று கேள்வி வரும். இறந்தவர்களின் திருநாள் பூசைக்குத் தமிழ்ச் சனம் தங்கள் மரித்தோரின் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுக்கும், சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். கொன்ஸ்ரன்ரைனின் பெயரை மட்டும் எழுத முடியாது. அவர்தான் மூன்றாம் வாங்கில் முழந்தாளில் இருக்கிறாரே.  வருடத்தில் அந்த ஒரு நாள் அருளையா பூசை முடிந்து யாருடனும் கதைக்காமல் வீட்டுக்கு நடப்பார்.

2019இல் லிபோரியோ, பழையதற்கு விலை கூட என்று, 1974ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் 1961ஆம் ஆண்டுத் தகட்டை அறைந்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டான். உள்ளே எழுபத்துநான்காம் ஆண்டின் ஆலங்கட்டி மழை விழுந்து அருளையாவின் உச்சந்தலை வீங்கியிருந்தது. அதைக் காட்டினார். லிபோரியோ கோபப்படவில்லை. "மழையை யார் வாசிக்கிறார்கள், கொஸ்தந்தீனோ? தகட்டைத்தானே வாசிக்கிறார்கள்" என்றான். வேறொருவனின் தகட்டோடு அருளையா நடமாடத் தொடங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது. பேனையை வாங்கித் தம்பியின் பெயரில் கையெழுத்து வைத்தார்.

2024 மார்கழியில் அவருக்கு அறுபத்தேழு முடிந்தது. இத்தாலியில் ஓய்வூதியம் எடுக்கிற வயது அது. செலஸ்ரீனா கோழிக்கறி வைத்தார், வேறு யாருக்கும் சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டிக்கு அடியில் படுத்தால் எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டும், காலையில் சப்பாத்துக் கட்ட மனைவி வேண்டும். மற்றச் சனம் வீட்டில் சாய்ந்திருக்கும் வயதில் தான் இன்னும் சுரண்டிக்கொண்டிருப்பதை நினைத்தால் அவருக்கு அழுகை வரும். வியா மக்வேதாவில் இரண்டாம் மாடியில், ஓய்வூதிய விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற பத்ரொனாத்தோ ஒன்று இருக்கிறது. தமிழர்களுக்காக அங்கே யூலியானா வேலை செய்கிறாள். பலேர்மோவில் பிறந்த பிள்ளை, தமிழும் நன்றாக வரும். அவள் பெர்மெஸ்ஸோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், உங்களுக்கு ஐம்பத்தெட்டுத்தானே. இன்னும் ஒன்பது வருஷம் கிடக்கு."

அருளையா கதவைச் சாத்தச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை அரைமணி நேரத்தில் சொல்லி முடித்தார். யூலியானா பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்கட சொந்தப் பிறப்பு அத்தாட்சி?"

"நான் வெள்ளத்துக்கை பிறந்தனான் பிள்ளை. அப்பு பதியேல்லை."

"ஞானஸ்நானப் புத்தகம்?"

"தொண்ணூறில கோயிலோட எரிஞ்சு போச்சு."

"அப்ப அறுபத்தேழு எண்டு ஆர் சொல்றது?"

"நான் சொல்றன்."

"நீங்கள் சொன்னால் எழுத மாட்டினம், அங்கிள். தொகுமெந்தோ வேணும், எழுத்தில பத்திரம்."

பத்திரம் இல்லாத கோழிக்கூட்டுக்கெல்லாம் வயது எழுதிக் கொடுத்தவர் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்.

அடுத்த பங்குனியில் லிபோரியோ, பட்டறைக்கு ஓர் அலுவலகம் வேண்டும் என்று, கழித்துப்போட்ட பதினொரு வண்டிகளின் துண்டுகளைப் பொருத்தி ஒரு ரூலொத் செய்யச் சொன்னான். சுவர் ஒன்றினுடையது, கூரை இன்னொன்றினுடையது, கதவு எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. அதற்குப் பிறந்த நாள் என்று எதுவும் இருக்க வழியில்லை. வேலை முடிந்து, கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்க்க ஒருநாள் காலை அருளையா உள்ளே இருந்து சாத்தினார். மழை கொட்டியது. முதலில் கூரை ஒழுகுகிறது என்றுதான் நினைத்தார். பிறகு தண்ணீர் கீழேயிருந்தும் ஏறியது. செம்மண் கலந்த தண்ணீர், அதில் ஒல்லித் தேங்காய் ஒன்றும் அறுந்த மாட்டுக் கயிறும் மிதந்தன. முழங்காலுக்கு வந்ததும் நின்றது. பதினொன்றே காலுக்கு எங்கேயோ ஒரு பெண் பல்லைக் கடித்து முனகும் சத்தம், அதன் பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம். அத்தோடு மழை விட்டது. 1957 மார்கழியில் கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழிந்து ஊரை மூடியபோது, இரண்டு உரல்களின் மேல் ஏற்றிய கட்டிலில் தன்னைப் பெற்றதாகத் தாய் சொன்னது அருளையாவுக்குத் தெரியும். வண்டிக்குச் சொந்த நாள் இல்லாததால் அவருடைய நாள் வந்துவிட்டது. நனைந்த உடுப்போடு படியில் இருந்து நெடுநேரம் அழுதார். கவலையில் இல்லை. ஆதாரம் அகப்பட்டுவிட்ட சந்தோஷம்.

சனிக்கிழமை யூலியானா ரயிலில் வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு உள்ளே இருந்தாள். மழை பெய்தது, வெள்ளம் ஏறியது, குழந்தை அழுதது. கதவைத் திறந்து வெளியே வந்து பாவாடையைப் பிழிந்தாள். வானிலைப் பதிவையும் போனில் பார்த்தாள். நாள், ஊர், வெள்ளம் எல்லாம் சரியாக இருந்தன.

"நான் நம்புறன் அங்கிள். இதைப் படமெடுத்து வழக்கறிஞர் ஒராள் மூலமாய்க் குடுத்தால் ஒருவேளை நீங்கள் அருளையா எண்டு எழுதுவினம். ஆனா அப்பிடி எழுதினால், கொன்ஸ்ரன்ரைன் தொண்ணூறிலயே செத்துப்போன ஆள்."

"ஓம், செத்துத்தான் போனவன்."

"செத்த ஆள் முப்பத்தைஞ்சு வருஷம் வேலை செய்ய ஏலாது. பென்சனுக்கெண்டு மாதாமாதம் கட்டின கொந்திரிபூத்திக் காசு முழுக்க அவற்ற பேரில கிடக்கு. அருளையா இத்தாலியில ஒருநாளும் வேலை செய்யேல்லை. அவருக்குப் பென்சன் வயசு வந்திட்டுது, பென்சன்தான் இல்லை."

 அருளையா மகளைப் பற்றிக் கேட்டார்.

"லக்ஷனா கொன்ஸ்ரன்ரைன்ர மகள். அவவின்ர குடியுரிமை, வேலை, எல்லாம் அந்தப் பேரிலதான் நிக்குது. அதையும் இழுப்பினம்."

 யூலியானா ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு போனாள். அன்றைக்கு வீட்டில் அருளையா சாப்பிடவில்லை. அறுபத்தேழு வருடம் உயிரோடு இருந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்து, அந்தச் சாட்சியைத் தன் கையாலேயே மறைக்க வேண்டி வந்ததே என்று செலஸ்ரீனாவிடம் சொன்னார். செலஸ்ரீனா அவருடைய காலில் எண்ணெய் தேய்த்தார்.

"இஞ்சருங்கோ, விடுங்கோ. பிள்ளை நிம்மதியாய் இருக்கட்டும்."

"தம்பி செத்தும் எனக்கு முன்னாலதான் நிக்கிறான்" என்றார் அருளையா. செலஸ்ரீனா மற்றக் காலை எடுத்து மடியில் வைத்தார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். அந்த வருடம் சிசிலியில் மழை பொய்த்து, குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குச் சனம் மணிக்கணக்கில் காத்து நின்றது. அருளையா உள்ளே இருக்கும்போது அலுவலக ரூலொத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நிற்பதை யன்னலால் பார்த்ததும் லிபோரியோவுக்கு மூக்கு வியர்த்தது. அடித்தட்டில் துளை போட்டு, வடி வைத்து, நீளக் குழாய் பூட்டினான். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார். கொதிக்க வைத்துக் குடிக்கலாம், கொஞ்சம் மண் வாசம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பகேரியாச் சனம் நீல நிற பீப்பாக்களோடு வரிசையில் வந்தது. பாஸ்தா அவிக்க நல்ல தண்ணீர் என்று பெயர் எடுத்தது.

இப்போது அருளையாவுக்குச் சுரண்டும் வேலை இல்லை. அடியில் படுக்கவும் தேவையில்லை. எட்டு மணிக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கதவைச் சாத்திவிடுவார். முழங்கால் நோவு ஈரத்தில் கூடியிருக்கிறது. கை தோல் எப்போதும் சுருங்கிப்போய் இருக்கிறது. பதினொன்றே காலுக்குக் குழந்தை அழுததும் வெளியே நிற்கிறவர்கள் குழாயை மூடிவிட்டுப் பீப்பாவை உருட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருவில் நேரம் கேட்கிறவர்கள், குழந்தை அழுதுவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். யாருடைய குழந்தை என்று ஒருவரும் கேட்டதில்லை. அருளையாவுக்கு அறுபத்தெட்டு நடக்கிறது, கொன்ஸ்ரன்ரைனுக்கு அறுபத்தேழு ஆக இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. கொஸ்தந்தீனோ இன்னும் இளந்தாரிதானே, ஓகஸ்ற் மாதம் லீவு எடுக்காமல் இருக்க முடியுமா என்று ஊர்ச் சனம் வந்து கேட்டது. அவர் ஓம் என்றிருக்கிறார்.