மாப்பிள்ளை பார்த்த கேபிள்

பல் டாக்டர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். கார் வெளியே வெயிலில் காய்ந்தது. உள்ளே மரச்சட்டமும் துணி போர்த்திய இறக்கைகளும் பசை வாடையும். வரைபடத்தை வாங்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தானே அறுத்துத் தானே ஒட்டினார். ஓட்டுவதற்கு லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தார். பல் பிடுங்குகிற கைக்கு மரம் எம்மாத்திரம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆயிற்று. மகளைக் கட்டியவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். டாக்டர் அவரை நேரில் 'மாப்பிள்ளை' என்பார், 'வாங்க, உட்காருங்க' என்பார், மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். முதுகுக்குப் பின்னால் 'நம்ம பூகோளம்' என்பார். வாத்தியாருக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு என்பதால் அந்தப் பெயர் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

திருப்பிப் பேச முடியாதவர்களிடம் பேசுவது டாக்டருக்கு ரொம்பப் பிடிக்கும். கிளினிக்கில் நோயாளியின் வாயைப் பிளக்கவைத்துப் பஞ்சைத் திணித்துவிட்டு, "என்ன, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உங்க பையன் பரீட்சைல மறுபடி கோட்டை விட்டுட்டானாமே?" என்று விசாரிப்பார். அந்த ஆள் "ஆ... ஆ..." என்பார். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் சிரித்தாக வேண்டும். மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். அப்பா சிரிக்கும்போது கூடச் சிரிக்காவிட்டால் அடுத்த பேச்சு தன்மேல் பாயும் என்பதைப் பால்பல் விழுகிற வயதிலேயே தெரிந்துகொண்டிருந்தாள். இப்போது எலும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற வேலை. ஆனாலும் அப்பா வீட்டு வாசற்படி ஏறியதும் அந்தச் சிரிப்பு தானாக வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஷெட்டில் நின்றபடி சொன்னார்: "மாப்பிள்ளை, கேபிள் இனிமே உங்க பொறுப்பு."

விமானி பிடிக்கும் தடியிலிருந்து வால்வரைக்கும் ஓடும் எஃகு வடம் அது. தடியை இழுத்தால் வடம் இழுபடும். வடம் வாலில் உள்ள தகட்டை அசைக்கும். மூக்கு ஏறும், இறங்கும். அது அறுந்தால் தடி சும்மா ஆடும், அவ்வளவுதான்.

"இதுல எனக்கு என்ன மாமா தெரியும்?"

"ஏன், அட்சரேகை தீர்க்கரேகையெல்லாம் கோடுதானே? இதுவும் ஒரு கோடுதான். நல்ல கோடா பாத்து எடுங்க."

வாத்தியாருக்கு அதில் இருந்த குத்தல் உறைக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஷெட்டில் ஒரு திருகாணியைக்கூட அவரைத் தொடவிட்டதில்லை. இப்போது உயிர்நாடியையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார் மாமனார். அன்று வீடு திரும்பும்போது வாத்தியார் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து அதே வேலை. கடை கடையாக ஏறி இறங்கி மாதிரித் துண்டுகள் வாங்கிவந்தார். பளபளவென்று எவர்சில்வரில் ஒன்று, துத்தநாகம் பூசிய மங்கலான எஃகில் ஒன்று. இரண்டிலும் இரண்டு தினுசு: ஒரு புரியில் ஏழு இழை மட்டும் வைத்து முறுக்கிய விறைப்பானது, பத்தொன்பது இழை வைத்து முறுக்கிய, நூல் மாதிரி வளைவது. துணி காயப்போடும் பால்கனியில் ஒரு பலகை அடித்து, பழைய கார் வைப்பர் மோட்டாரைப் பொருத்தி, சின்னக் கப்பி பெரிய கப்பி என்று மாட்டி, ஒவ்வொரு துண்டையும் கப்பியின்மேல் முன்னும் பின்னும் ஓடவிட்டார். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றின்மேலும் பஞ்சை உருவிப் பார்ப்பார். இழை அறுந்திருந்தால் பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும்.

விறைப்பான எவர்சில்வர், சின்னக் கப்பியில் ஓடியபோது முதலில் போனது. அதுவும் எப்படி? வெளியே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டே, கப்பியில் படிகிற உள்பக்கத்தில் இழை இழையாக விட்டுக்கொண்டிருந்தது. துத்தநாகம் பூசிய பத்தொன்பது இழைக்காரன் பெரிய கப்பியில் ஒன்றும் ஆகாமல் ஓடினான்.

"துணி காயப்போட இடமில்லங்க" என்றாள் மனைவி.

"உயிர் சமாச்சாரம்மா இது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"இவ்வளவு சீரியஸா எடுத்துக்காதீங்களேன்."

"இதை எடுத்துக்காம வேற எதை சீரியஸா எடுத்துக்கறது?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஈரத் துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நாள் குறித்தார். அவருடைய நண்பர்கள், ஒரு வக்கீலும் ஒரு கண் டாக்டரும், வந்திருந்தார்கள். வாத்தியார் ஒரு அட்டையில் மாதிரித் துண்டுகளை வரிசையாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் டாக்டர், "ஆரம்பிங்க மாப்பிள்ளை" என்றார். வாத்தியார் வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்று விளக்கினார். டாக்டர் தாடையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். நடுநடுவே, "உப்புக்காத்து பட்டா துத்தநாகம் நிக்குமா?", "கப்பி பெரிசானா எடை கூடாதா?" என்று நல்ல கேள்விகளாகவே கேட்டார். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தயாராக இருந்தார். முகம் முழுக்க வேர்வையும் சந்தோஷமும்.

"பிரமாதம்" என்று டாக்டர் எழுந்தார். "வாங்க, எங்க போடணும்னு ஷெட்ல போய்ப் பாத்துடலாம்."

ஷெட்டில் தார்ப்பாயை விலக்கினார். கேபிள் ஏற்கெனவே போட்டிருந்தது. தடியிலிருந்து வால்வரைக்கும், இழுத்துக் கட்டி, முடுக்கி, பூட்டுக்கம்பி சுற்றி, எல்லாம் முடிந்திருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்பிள்ளை. உங்ககிட்ட சொன்னப்பவே போட்டாச்சு. ஞாயித்துக்கிழமையானா இங்க வந்து என் காலடியில நின்னுட்டு இருப்பீங்க. அதான் கைக்கு ஒரு வேலை குடுத்தேன். கொழந்த அழுதா பாத்திரத்தக் கவுத்து ஒரு கரண்டியும் குடுப்பாங்க இல்ல, தட்டிட்டு இருக்கட்டும்னு, அந்த மாதிரி."

வக்கீல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாத்தியார் விமானத்துக்குள் குனிந்தார். இருக்கையும் அடிப்பலகையும் இன்னும் மாட்டாததால் கேபிள் முழுக்கத் தெரிந்தது. எவர்சில்வர். விறைப்பான ஏழு இழை. அடியில் அது வளைந்து திரும்புகிற இடத்தில் குட்டியாக ஒரு கப்பி. பால்கனியில் முதலில் விட்டுப்போன அதே ஜோடி. இனி இருக்கையும் பலகையும் மேலே வந்துவிட்டால் அந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

வாத்தியார் நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பூமி சுத்துதா?" என்றார் டாக்டர். மறுபடி ஒரு சுற்றுச் சிரிப்பு.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல மாமா. அழகா இருக்கு" என்றார்.

விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த சின்ன ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தகரக் கொட்டகையில் திரும்பப் பூட்டினார்கள். சோதனை அதிகாரி வந்தார். தடியை ஆட்டினார், வால் சரியாக ஆடியது. வடத்தின் இறுக்கத்தை அளந்தார், சரியாக இருந்தது. புதுக் கேபிளில் குறை தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் பறந்தார். முதல் தடவை தரையை விட்டு மேலே எழும்பியபோது அத்தனை பேரும் கை தட்டினார்கள். வாத்தியாரும் தட்டினார்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்த வாரம் டாக்டர் ஓடுபாதை வாசல் காவலாளியிடம் அவரை அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் நம்ம கேபிள் நிபுணர். பால்கனியிலயே ஆராய்ச்சிக்கூடம் வெச்சிருக்கார்." காவலாளி அன்றிலிருந்து 'கேபிள் சார்' என்று கூப்பிட்டான். அதற்கடுத்த வாரம் ஓடுபாதையில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. வாத்தியார் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வேண்டும் என்று நினைப்பதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பெல்லாம் வேண்டாவெறுப்பாகக் கிளம்புகிறவர், இப்போது மனைவிக்கு முன்னால் குளித்துத் தயாராக நின்றார். விமானம் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் வேலியோரம் நின்று, கண்ணுக்குமேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, அது மூக்கைத் தூக்குவதையே பார்ப்பார். துக்க வீட்டில் எங்கே நிற்க வேண்டும், வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவைத்திருந்தார். டாக்டர் பத்திரமாக இறங்கி வந்ததும் கை தட்டுவார். மற்றவர்களைவிட அதிகமாகவே தட்டுவார்.

மழைக்காலம் போய் வானம் வெளுத்த ஒரு காலையில், மனைவி கண்ணாடி முன் நின்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இன்னிக்கு இப்படி ஒரு கட்டு?" என்று கேட்டார்.

"மேல காத்துல பறக்குமாம். அப்பா இன்னிக்கு என்னயும் கூட்டிட்டுப் போறார்."

வாத்தியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நீ போகாத."

"ஏன்?"

"வேண்டாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"நல்லாத்தானே இருக்கேன்? என்ன விஷயம், சொல்லுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "கேபிள் தாங்காது. கப்பிகிட்ட அறுந்துட்டிருக்கும். இருக்கைக்கு அடியில."

அவள் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"எப்பன்னு கேட்டேன்."

"அன்னிக்கே. நீங்கள்லாம் சிரிச்ச அன்னிக்கே."

அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாத்தியார் பொத்தான் போடாத சட்டையோடு பின்னாலேயே ஓடிப் போய் ஏறிக்கொண்டார். அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓட்டினாள். அவர் எடுக்கவில்லை. பறக்கிறாரோ என்று அவள் வானத்தையே எட்டி எட்டிப் பார்த்ததில் இரண்டு தடவை வண்டி பாதையை விட்டு இறங்கியது.

டாக்டர் தரையில்தான் இருந்தார். எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த சீட்டைக் கழட்டுங்க."

"எதுக்கு? மாப்பிள்ளை ஏதாவது உளறினாரா?"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

மகள் அந்தக் குரலில் தன்னிடம் பேசி அவர் கேட்டதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். அடிப்பலகையையும் எடுத்தார். அவள் குனிந்து கைக்குட்டையைக் கேபிளின்மேல் சுற்றி உருவினாள். கப்பிக்கு அருகில் அது மாட்டிக்கொண்டது. இழுத்தாள், கிழிந்தது. டாக்டர் அவளை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்துத் தடவினார். அறுந்த இழைகள் பல்துலக்கும் பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நின்றன. விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. ஒரு புரி முழுக்கப் போயிருந்தது, பக்கத்துப் புரி பாதி.

டாக்டர் கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிருந்தது. "நேத்துகூட ரெண்டு ரவுண்டு போனேன்" என்றார்.

"இவருக்குத் தெரியும்பா" என்றாள் மகள். "ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். நீங்க எப்ப விழுவீங்கன்னு பாத்துட்டு நின்னிருக்கார்."

டாக்டர் மெல்லத் தலையைத் தூக்கி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சட்டையைக் கையால் பிடித்தபடி நின்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார்.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூச்சுத் திணறுவது போலிருந்தது. பிறகு கொட்டகைத் தகரம் அதிரும்படி சிரித்தார்.

"அடேங்கப்பா! ஒவ்வொரு வாரமும் கை தட்டினாரே! மனுஷன் எப்படித் தட்டினார்!" எழுந்து வந்து வாத்தியாரின் தோளில் ரத்தக் கையை வைத்தார். "என் பொண்ண ஒரு மண்ணாங்கட்டிக்குக் கட்டிக் குடுத்துட்டேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் மாப்பிள்ளை. நீங்க பெரிய ஆளுய்யா!"

அந்தக் கை தோளில் அழுந்தியபோது வாத்தியாருக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் முகத்தில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. ஒரு கணம்தான். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்தே சாப்பிடப் போங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் வேறொரு ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். வாத்தியார் விடாமல் போன் செய்தார். ஒருநாள் எடுத்தாள்.

"உன்ன நான்தானே தடுத்தேன்?" என்று அழுதார். "உங்கப்பா என்ன என்னவெல்லாம் பண்ணார்னு உனக்கே தெரியும். அவர்மேல வராத கோவம் என்மேல மட்டும் ஏன்?"

"அவர்மேலயும்தான் இருக்கு" என்றாள். "ஆனா அவர் குத்தறது தெரியும்ங்க, விலகி நிக்கலாம். நீங்க ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் என் பக்கத்துல படுத்து நல்லாத் தூங்கினீங்க. கொறட்டை விட்டுத் தூங்கினீங்க. எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருது."

அவர் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

டாக்டர் கேபிளை மாற்றினார். துத்தநாகம் பூசியது, பத்தொன்பது இழை, பெரிய கப்பி. எல்லாம் மாப்பிள்ளை சொன்னபடி, மாப்பிள்ளை கையாலேயே. 'பூகோளம்' என்ற பேச்சை விட்டுவிட்டார். வக்கீலுக்கும் கண் டாக்டருக்கும் முன்னால், "இவர் என்னைக் கொல்லப் பாத்தவராக்கும்" என்று பெருமையாகச் சொல்லி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்கள். வாத்தியார் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த வீட்டைத் தவிர அவர் போவதற்கு வேறு வீடு இல்லை.

"போன் பண்ணினாளா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் டாக்டர் கேட்டார்.

"இல்ல மாமா. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

டாக்டர் கொட்டகைக் கதவை அகலத் திறந்தார். பிறகு ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்து விமானத்தை வெளியே தள்ளினார்கள்.