சொல்லிக்கொள்ளாமல் போகும் கதவு

மேற்றிசை வானம் செம்மை மங்கிச் சாம்பல் பூக்கும் மாலை வேளையில், ஊர்ப்புறத்து மேட்டின்மேல் நீண்ட நடைகளும் நெடிய சாளரங்களும் கொண்டு எழுந்து நின்ற அக்குருமடத்தைக் கீழிருந்து கண்டிருப்பின், கற்றறிந்த வாசகரே, உள்ளே நூறு இளைஞரேனும் வாழ்கின்றனர் என்றே நீர் எண்ணியிருப்பீர். ஒரு காலத்தில் அது மெய்யாகவும் இருந்தது. கடல் கடந்து வந்த துறவியர் தம் தோளிலே கல் சுமந்து கட்டிய அம்மடத்தில், தொலைநாடுகளுக்குச் சென்று திருமறை பரப்புதற்கென்றே இளைஞர் திரள்திரளாய்ப் பயின்றனர்; உணவுக்கூடத்தில் இடம் போதாமல் இரண்டு பந்தியாய் உண்டனர். பின்னர் வருவோர் ஆண்டுக்காண்டு குறைந்து, ஆசிரியரும் ஒவ்வொருவராய் வேறிடம் மாற்றப்பெற்று, இறுதியில் எஞ்சியோர் மூவரே: முதிய அதிபர், கடைசி மாணவன், அவ்விருவருக்கும் சமைத்துப்போட்ட சமையற்காரர்.

அம்மாணவனும் போய்விட்டால் மடத்தை மூடிவிடுவதென்று மேலதிகாரியான ஆயர் முடிவு கட்டியிருந்தார். மீசை அரும்பும் முன்னே இங்கு நுழைந்து, இங்கேயே கற்று, இங்கேயே கற்பித்து, தலை நரைத்த அதிபருக்கு அதன்பின் முதிய குருக்களின் இல்லத்தில் ஒரு கட்டிலே கதி. அதனினும் கொடிது ஒன்றுண்டு. அம்மாணவனுக்குத் துறவில் நாட்டமில்லை என்பதை அவர் எப்போதோ கண்டுகொண்டிருந்தார். செபக்கூடத்தில் முகம் வாடி அமர்ந்திருப்பவன், தோட்டத்துப் பழைய நீரிறைக்கும் பொறியைப் பிரித்துப் பூட்டும்போது மட்டும், கையெல்லாம் எண்ணெயாய், தன்னை மறந்து சீட்டியடிப்பான். கண்டும் காணாதவர்போல் அதிபர் இருந்துவிட்டார். அடடா, துறவிக்கும் இத்தனை தன்னலமா என்று முகம் சுளிக்காதீர், ஐயா! ஆளில்லா நடைக்கூடத்தில் தம் காலடி ஓசையைத் தாமே கேட்டு நடந்தவருக்குத்தான் அந்த வேதனை புரியும்.

அம்மாலையில் மாணவன் அதிபரின் அறைக்கு வந்து நெடுநேரம் நின்றான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். இந்த வாழ்க்கை எனக்கு ஒத்துவருமா? நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

ஒத்துவரும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பையன் இருப்பான், மடம் இருக்கும், உணவுக்கூடத்தில் எதிரே ஒரு முகம் இருக்கும். நாக்கு நுனிவரை வந்த அச்சொல்லை அதிபர் மென்று விழுங்கினார்.

"உன் மனசு என்னப்பா சொல்லுது?"

"என் மனசு எப்பவோ வெளியே போயிருச்சு சாமி. நான் போயிட்டா நீங்க தனியாயிடுவீங்களேன்னுதான் வாயே தெறக்கல."

"எனக்காகவா இருந்த?"

அவன் தலை கவிழ்ந்தான். தாம் அவனைப் பிடித்துவைத்திருக்க, அவனோ தம்மைத் தாங்கிக்கொண்டிருந்தான் என்று எண்ணியபோது அதிபரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப இது உனக்கு வேண்டாம்ப்பா. ஒரு கிழவனுக்குத் துணைக்குன்னு யாரும் குருவாகக் கூடாது. போ. எங்க இருந்தாலும் நல்லா இரு."

அம்மடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. துறவு வேண்டாமென்று விலகுபவன் எவரிடமும் விடைபெறலாகாது. ஏனையோர் காலைப் பூசையில் இருக்கும் பொழுதிலே, பெட்டியும் கையுமாய்த் தோட்டக் கதவு வழியே போய்விட வேண்டும். போகிறவனைக் கண்டு இருக்கிறவர் மனம் கலைந்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. எத்தனையோ பேரை அவ்வாறு அனுப்பிய அதிபரின் வாயில் அன்றும் அது தானாகவே வந்தது.

"வழக்கம் தெரியுமில்ல? காலைல, பூசை நேரத்துல."

"தெரியும் சாமி."

கீழ்ப்படிந்தே பழகிய இருவருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாட் காலை அதிபர் பீடத்தின்முன் தனியே நின்று பூசை தொடங்கினார். மக்களை நோக்கிக் கைவிரித்து வாழ்த்தும் இடம் வந்ததும், கைவிரித்து, வாழ்த்தி, மறுமொழிக்குக் காத்து நின்றார். வெற்று இருக்கைப் பலகைகள் வரிசைவரிசையாய்க் கிடந்தன. அப்போதுதான் அவர் நெஞ்சில் சுருக்கென்றது. யார் மனம் கலையக்கூடாதென்று அவனைச் சொல்லாமல் போகச் சொன்னோம்? இங்கே யார் இருக்கிறார்கள்? ஐயோ, நன்றாகக் கட்டியணைத்து, கண்ணீரோடு வாசல்வரை கூடவே போய் வழியனுப்பியிருக்கலாமே! ஆயினும் தொடங்கிய பூசையை நடுவில் விட்டு இறங்கலாகாது என்பது அதனினும் பெரிய விதி; அவர் அதை முடித்தார்.

முடித்ததும், பூசையுடையைக் களையவும் மறந்து, தோட்டத்துக்கு ஓடினார். கதவருகே சமையற்காரர் நின்றிருந்தார்.

"தம்பி போயிருச்சு சாமி. ரொம்ப நேரம் இங்கயேதான் நின்னுட்டிருந்துச்சு. நேரமாகுதேப்பான்னேன். 'சாமி வருவாங்களா அண்ணே'ன்னு கேட்டுச்சு."

"நீ என்னய்யா சொன்ன?"

"வழக்கமில்லையேன்னு சொன்னேன்."

சமையற்காரர்மேல் குற்றமில்லை, அவருக்கு அவ்வழக்கத்தைக் கற்பித்தவரும் தாமே அன்றோ? மேட்டிலிருந்து இறங்கும் பாதை வளைவுவரை வெறுமையாய்க் கிடந்தது. எஞ்சியிருப்போர் மனம் கலையாதிருத்தற்கென்று முன்னோர் வகுத்த விதி, அன்று எள்ளளவும் பிசகாமல் நிறைவேறிற்று. எஞ்சியிருந்தவரோ, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.