முப்பத்தொன்றாவது இசைத்தட்டு

மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறன்று ரெனாட்டா குபியாக்கின் இசைத்தட்டுக் கடையில் விற்பனை கிடையாது. கடையின் பின்சுவரில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அதில் முப்பது ஆல்பங்கள். ‘எந்த வீட்டிலும் இருக்க வேண்டியவை’ என்று மேலே ஓர் அட்டை. முதல்முறையாகப் பிளேயர் வாங்கிவிட்டு, எதைக் கேட்பதென்று தெரியாமல் வருகிறவர்களை ரெனாட்டா நேரே அங்கேதான் அனுப்புவார். முப்பது என்றால் முப்பதுதான். ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஞாயிறு, வாடிக்கைக்காரர்கள் கூடி முடிவு செய்வோம்.

முந்தைய இரண்டு வருடமும் போனேன், வாயைத் திறக்கவில்லை. இந்த வருடம் கையில் ஒரு தட்டு கொண்டுபோனேன்.

அந்தத் தட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டு, மில்வாக்கிக்கு வந்து, பல்சக்கரத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் குளிர்காலம். வேலை முடிந்து வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக்கொள்வேன். ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில் அது கிடைத்தது. வி. ஸ்லோன், ‘மார்ச் மாத உப்பு’. அட்டையில் ஆள் முகம் இல்லை, பனி மூடிய ஒரு கார் மட்டும். கனத்த, மெதுவான ஆண் குரல். முதல் பக்கத்தை அறுபத்தோரு நாள் தொடர்ந்து கேட்டேன், குறித்து வைத்திருக்கிறேன். அறுபத்திரண்டாம் நாள் எழுந்துபோய் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அந்தத் தட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் என்னைப்போல் ஒருத்தி அந்தக் கடைக்கு வந்தால், அவள் கைக்கெட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

“எதை எடுக்கச் சொல்ற, ஹெட்டி?” என்றார் ரெனாட்டா.

“பூத் சகோதரர்களோட ஆர்கன் ஆல்பத்தை.”

அது ஓடெல் சேர்த்தது. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, ரெண்டு வருஷம் ஊமையா உக்காந்திருந்தது என்மேல குறி பாக்கத்தானா?”

“அதை யாருய்யா வாங்குறா?” என்றாள் லோர்னா. மருத்துவமனையில் நர்ஸ், எங்கள் கூட்டத்தில் அவள் நாக்குக்குத் தப்பியவர் இல்லை. “அதுமேல இருந்த தூசிகூட சலிச்சுப்போய் இறங்கிப் போயிடுச்சு.”

“போன வருஷம் நீ கொண்டாந்தியே, மூணு பொண்ணுங்க கத்துறது? என் பஸ்ல பிரேக் போட்டா அதே சத்தம்தான். ஓசியிலயே கேக்கலாம்.”

சிரிப்பு அடங்கியதும் நான் எழுதி வந்ததைப் படித்தேன். “இந்த மனுஷர் உறைஞ்ச ஏரிக்கு அடியிலேர்ந்து பாடுற மாதிரி பாடுவார். அவசரமே இல்லாத குரல்.” மீதியைப் படிக்காமல் தட்டை நீட்டிவிட்டேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கம் முழுதும் ஓடி ஊசி எழும்வரை யாரும் பேசக் கூடாது. ரெனாட்டா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிளேயரில் ஒரு பொத்தானை அழுத்தினார். ஊசியை வைத்தார்.

கைதட்டல். துள்ளும் டிரம். அதன்மேல் ஒரு பெண்ணின் குரல், பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல.

தட்டு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மெட்டு பிடிபட்டது. அது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய தட்டு. எங்கும் அச்சிடவில்லை, கோடுகளின் அகலத்தைப் பார்த்தே ரெனாட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டு வருடமாக முப்பத்து மூன்றில் கேட்டிருக்கிறேன், வேகம் குறைந்ததில் பெண் குரல் ஆண் குரலாகிவிட்டது. முதல் பாட்டு நாலரை நிமிடம் என்று அட்டையில் இருந்தது. என் கடிகாரம் ஆறு நிமிடம் ஐந்து வினாடி காட்டியது. நோட்டில் ‘அட்டையில் அச்சுப்பிழை’ என்று எழுதி வைத்திருந்தேன்.

பதின்மூன்று நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. லோர்னா கழுத்துத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ஓடெலின் கால் தாளம் போட்டது. நல்ல பாட்டு. அதுதான் இன்னும் வலித்தது.

ஊசி எழுந்தது.

“எங்கடி உன் மனுஷர்?” என்றாள் லோர்னா. “ஏரிக்கடியில மூச்சுமுட்டிப் போயிட்டாரா?”

கடையே சிரித்தது. “நான் வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றேன்.

“இரு,” என்றார் ஓடெல். “ரெனாட்டா, முப்பத்து மூணுல போடுங்க.”

“ஒரு பக்கம், ஒரு தடவை. சட்டம் தெரியாதா?”

“வெளிய போகப்போறது என் ஆல்பம். எது தள்ளுதுன்னு நான் பாக்க வேணாமா?”

ரெனாட்டா பெருமூச்சு விட்டுப் பொத்தானை மாற்றினார். எனக்குத் தெரிந்த குரல் வந்தது. பாட்டு ஓடும்போது தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருக்கிற ரெனாட்டா, அன்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். லோர்னாவின் கழுத்துத் துணி மடியில் கிடந்தது. பக்கம் முடிந்து ஊசி எழுந்தது.

“இதையா இத்தனை நாளா கேட்ட?” என்றாள் லோர்னா.

“ஆமா.”

“தனியாவா?”

“ஆமா.”

அவள் மடியில் கிடந்த துணியை மெல்ல மடித்தாள்.

“சரி, இதுல எது அலமாரிக்குப் போகுது?” என்றார் ரெனாட்டா. “வாங்கிட்டுப் போறவங்க நாப்பத்தஞ்சுலதானே போடுவாங்க?”

“ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க,” என்றார் ஓடெல்.

“எப்படி? தயவுசெஞ்சு தப்பா போடுங்கன்னா?”

இருபது நிமிடம் சண்டை. பாடினவள் பாடியதுதான் ஆல்பம் என்றார்கள் சிலர். கேட்டவள் கேட்டதுதான் என்றார்கள் சிலர். என் தட்டுக்காக அத்தனை பேரும் தொண்டை வறளக் கத்துவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு வாக்கெடுப்பு. அவரவர் குடித்த பாட்டிலின் மூடியை ‘சரி’ டப்பாவிலோ ‘வேண்டாம்’ டப்பாவிலோ போட வேண்டும். பதினொரு பேர். என் முறை வந்தபோது யோசித்தேன். என்னைப்போல் வருகிற ஒருத்தி இதை எடுத்துப்போய்ச் சரியான வேகத்தில் போடுவாள். நல்ல ஆட்டப்பாட்டு கிடைக்கும். நான் கேட்டது அவளுக்குக் கிடைக்காது. ‘வேண்டாம்’ டப்பாவில் போட்டேன்.

சரி ஐந்து. வேண்டாம் ஆறு. ‘சரி’ டப்பாவில் ஒரு பச்சை மூடி. இஞ்சி சோடாவினுடையது. நாலு மணிக்குப் பேருந்து எடுக்க வேண்டிய ஓடெல் மட்டும்தான் அதைக் குடித்தார், மற்றவர்களுக்குப் பீர்.

“ஓடெல், ஜெயிச்சிருந்தா வெளிய போறது உங்க ஆல்பமாச்சே,” என்றேன்.

“அது என் வீட்ல நாலு காப்பி கெடக்கு. உன்னோடது ஒண்ணுகூட இல்லையே,” என்றார். “ஒரு ஓட்டுல போச்சு. அந்த ஆறாவது மூடி யாரோடது?”

“என்னோடதுதான்.”

“அடிப்பாவி!” என்றாள் லோர்னா.

ஓடெல் சிரித்து முடித்துக் கையை நீட்டினார். “ஒரு வாரம் குடு. ரெண்டு வேகத்துலயும் கேக்கணும்.” அதுவரை அந்தத் தட்டை யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். “அடுத்து நான்,” என்றாள் லோர்னா. “அவளுக்கப்புறம் நான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரெனாட்டா பென்சில் எடுத்து வரிசையாக எழுதினார். ஏழு பெயர். எட்டாவதாகத் தன் பெயரையும் எழுதிக்கொண்டார்.

நான் நன்றி சொன்னேன். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஓடெல் தட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, பேருந்து எடுக்கக் கிளம்பினார்.