தம்பி போட்ட பூட்டு

மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதன் காதில் தன் பூட்டை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தம்பி திரும்பினான். சாவியை பெல்ட்டில் தொங்கிய வளையத்தில் கோத்துக்கொண்டான். லைன்மேன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் நடந்தால் ஏதாவது ஒன்று கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

"இனி நீங்களே நெனச்சாலும் தூக்க முடியாது மாமா."

"வீடு என்னோடது, மெயின் என்னோடது, லாரி என்னோடது. பூட்டு மட்டும் மச்சானோடது," என்றார் லாரிக்காரர். "அப்படியே உங்க அக்கா வாய்க்கும் ஒண்ணு போட்டுட்டுப் போ, புண்ணியமாப் போகும்."

"அந்த சைஸ்ல இன்னும் எவனும் பூட்டு செய்யல மாமா."

அடுப்படியிலிருந்து டீயோடு வந்தவளுக்கு இரண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து அவன் கண்ணை மூடியிருக்க மாட்டான். ஊர் முழுக்க மரம் சாய்ந்து, கம்பம் சாய்ந்து, கம்பிகள் தெருவெல்லாம் சுருண்டு கிடந்தன. இவனும் இவனைப் போன்றவர்களும்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

கரண்ட் இல்லாத ஊரில் அவள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற லாரிதான் காரணம். புகை கிடையாது, உறுமல் கிடையாது, முழுக்க முழுக்க பேட்டரியில் ஓடுகிற வண்டி. சத்தமே இல்லாமல் தெருவுக்குள் வந்து பின்னால் நிற்பதைப் பார்த்துப் பயந்துபோன யாரோ அதற்கு ஊமையன் என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. ஊமையனின் விலாவில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து பிளக்கைச் சொருகினால் வண்டியே வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். லாரிக்காரர் அதற்கென்று ஒரு வயரைத் தயார் செய்து வைத்திருந்தார். இரண்டு முனையிலும் பிளக். ஒரு தலை லாரிக்குள், மறுதலை முன்னறை சுவரில். அவ்வளவுதான், ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டி சூடு ஆறாமல் இருக்கும்.

அந்தப் பெட்டிதான் அவளுடைய பிழைப்பு. முட்டைகளை அடுக்கி, சூடு பார்த்து, ஈரம் பார்த்து, பிள்ளைத்தாச்சியைக் கவனிக்கிற மாதிரி கவனிப்பாள். போன மழைக்கு கரண்ட் போனபோது ஒரு பெட்டி முட்டையும் உள்ளேயே செத்துப்போயின. ஓட்டுக்குள் மூக்குவரை வளர்ந்திருந்த குஞ்சுகளை வாளியில் அள்ளிப் போட்டபோது வந்த அழுகையை அவள் மறக்கவில்லை. ஆகவே புருஷனை நச்சரித்து ஊமையனிலிருந்து வயர் இழுக்க வைத்ததே அவள்தான்.

தம்பி முதன்முதலில் இதைப் பார்த்தபோது வீட்டையே இரண்டாக்கிவிட்டான். லாரி கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, மெயின் மேலேயே நின்றது. மாமா மறந்துவிட்டிருந்தார்.

"லாரிக் கரண்ட் வீட்டோட நிக்கும்னு நெனச்சீங்களா? மெயின் தூக்கியிருந்தா அப்படியே வெளிய ஏறி தெருக் கம்பிக்குப் போகும். கரண்ட் இல்லன்னு நெனச்சு நான் அங்க கம்பியைக் கையில பிடிச்சிட்டு இருப்பேன். ஜெனரேட்டர்னா கூட சத்தம் கேக்கும், உஷாராயிடுவோம். இது ஊமை. கூப்பிடாமயே வந்து கொல்லும்."

அம்மா போன பிறகு அவள் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை அவன். அவன் கம்பத்தில் ஏறுகிற வேலைக்குப் போகிறேன் என்றபோதே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள். பூட்டு யோசனை அப்போது பிறந்ததுதான். கரண்ட் போனால் தம்பி எங்கிருந்தாலும் வந்து மெயினை இறக்கிப் பூட்டுவான், அதன் பிறகே மாமா வயரைத் தொடவேண்டும். கரண்ட் வந்ததும் அவனே வந்து திறப்பான். தெருவில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவளுக்கு மட்டும் அந்தப் பூட்டைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். பெருக்கும்போது அதையும் ஒரு துடை துடைத்துவிடுவாள்.

தம்பி டீயை நின்றபடியே குடித்தான்.

"உங்க தெருவைத்தான் கடைசியா வச்சிருக்காங்க. சாயங்காலம் முனையில இருக்கிற கம்பத்துல நானே ஏறுறேன். அந்தப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கு, அதை இழுத்துக் கட்டிட்டா முடிஞ்சது."

"ஏறுறதுக்கு முன்னாடி, தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள்ள இறங்கிடும்னு கம்பிக்கு ஏதோ எர்த் போடுவேன்னு சொல்லுவியே, அதப் போட்டுக்கோ."

"போடணும். மூணு குரூப்புக்கு ஒரு செட்டுதான் குடுத்திருக்காங்க, அது எந்தத் தெருவுல கிடக்கோ. டெஸ்ட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான்க்கா ஏறுவேன். நீ சும்மா பயப்படாதே."

"ஏறினதும் ஒரு போன் பண்ணு."

"மேல இருக்கறப்ப எவன் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். இறங்கினதும் நானே கூப்பிடுறேன்." டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு கிணுகிணுவென்று போய்விட்டான். அவன் முதுகில் சட்டை காய்ந்த வேர்வையில் வெள்ளை பூத்திருந்தது.

பகல் முழுதும் வானம் தெளியவில்லை. புயல் போய்விட்டது என்று ரேடியோ சொன்னாலும் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரியே இருந்தது. தெருவில் நாய்கூட குரைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாரிக்காரர் மதியம் படுத்தவர் கட்டையைப் போலத் தூங்கினார். ரோடு திறக்கும்வரை அவருக்கும் வண்டிக்கும் வேலை இல்லை. அவள் பெட்டியின் கண்ணாடியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டையில் மயிரிழை அளவு விரிசல் கண்டிருந்தது. உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் பத்து பேரை அதட்டுகிறவள், இங்கே வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்துடுச்சு. மருந்து இருக்கு, ஆவி பிடிக்கிற மிஷினு ஓட்டக் கரண்ட் இல்ல. ரூமுக்குள்ள ஒரே புழுக்கம். உங்க லாரியிலிருந்து கொஞ்சம்..."

"இதைக் கேக்கவா தயங்கினே? இரு, வரேன்."

தூக்கிக்கொண்டு இங்கேயே வா என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றியது, சொல்லவும் வாய் எடுத்தாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளை மூச்சுக்குத் திணறுகிற சத்தம், அறுவாள் தீட்டுவது போல, கேட்டது. அவள் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் புருஷன் உபரியாகச் செய்து வைத்திருந்த இன்னொரு வயர் இருந்தது. அதே மாதிரி இரண்டு தலை. அவர் சொருகுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! அவரை எழுப்பி, அவர் கொட்டாவி விட்டு, லுங்கியைக் கட்டி, அதற்குள் பிள்ளைக்கு என்ன ஆகும்? தன் வீட்டுப் பக்கத்துத் தலையை இன்னும் சொருகாமல் விட்டு, ஜன்னல் வழியாக வயரை நீட்டி, முதலில் மறுதலையை நர்ஸ் வீட்டு சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் அழுத்தினாள். எதை முதலில் சொருக வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அந்தத் தெளிவு அவளுக்கே பெருமையாக இருந்தது.

நர்ஸுக்குத்தான் சந்தேகம் வந்தது. "அக்கா, மெயினை ஏதோ பண்ணணும்னு உங்க தம்பி கத்துவாரே?"

"அதைத்தான் காலையிலயே வந்து பூட்டிட்டுப் போயிட்டானே. சாவி அவன் இடுப்புல. நீ பிள்ளையைப் பாரு."

திரும்பி வந்து தன் வீட்டு சுவரில் மற்ற தலையைச் சொருகினாள். அந்த வீட்டு ஃபேன் முனகிச் சுற்றத் தொடங்கியது. மிஷின் குறுகுறுத்தது. பிள்ளையின் முகத்தில் ஆவி படர்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அந்தத் தீட்டும் சத்தம் தணிந்தது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். "போடி, பெரிய மனுஷி," என்றாள் இவள். மனசு நிறைந்துபோயிற்று.

கொஞ்ச நேரம் போயிருக்கும். தெருமுனைப் பக்கத்திலிருந்து பெரிய கூச்சல் எழுந்தது.

"வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!"

அவள் வாசலுக்கு ஓடினாள். ஆமாம், முனை வீட்டு வாசல் பல்பு எரிந்தது. கலங்கிய அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக, அம்சமாக எரிந்தது. யாரோ விசில் அடித்தார்கள். சாதித்துவிட்டானே என் தம்பி என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. இனி இறங்குவான், போன் பண்ணுவான், பூட்டைத் திறக்க வருவான், இன்றைக்காவது உட்காரவைத்து வயிறாரச் சோறு போடவேண்டும்.

கூச்சலில் லாரிக்காரர் எழுந்து வந்தார். "வந்துருச்சா? அப்பாடா. ஊமையனுக்கு ஓய்வு குடுப்போம்." கண்ணைக் கசக்கிக்கொண்டே லாரிக்குப் போனவர் வண்டித் திரையில் தெரிந்த கரண்ட் கணக்கைப் பார்த்து நின்றார். "என்னடி இது, இந்த ஏத்து ஏத்தியிருக்கு? உன் பெட்டிக்கு இவ்வளவா இழுக்கும்?" என்று சொல்லியபடியே சுவிட்சை அணைத்தார்.

வீடு இருண்டது. முனையில் இருந்த பல்பும் அணைந்தது.

"ச்சே, போச்சு!" என்று தெருமுனை மொத்தமும் ஒரே குரலில் புலம்பியது.

"நெனச்சேன், நிக்காதுன்னு," என்றார் அவர். "மறுபடி போயிடுச்சு. உன் முட்டை ஆறிடப் போகுது, இரு." சுவிட்சைப் போட்டார்.

"ஏய், வந்துருச்சு!"

அவள் பல்பைப் பார்த்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள். மறுபடி பல்பைப் பார்த்தாள். சுவரில் தம்பியின் பூட்டு அவன் மாட்டிய இடத்தில், அவள் துடைத்த பளபளப்போடு, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் வீட்டு மெயின். ஜன்னல் வழியாகப் போன வயர் நர்ஸ் வீட்டு சுவருக்குள் போயிருந்தது. அந்த வீட்டுக்கும் ஒரு மெயின் உண்டு. அதை யாரும் இறக்கவில்லை. இறக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அணைங்க!" என்றாள். "என்னங்க, அணைங்க! அணைச்சுத் தொலைங்க!"

அவர் புரியாமல் விழித்தார். அவளே பாய்ந்து நர்ஸ் வீட்டுக்குப் போன வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள், ஜன்னல் வழியாகக் கையை விட்டு மறுதலையையும் இழுத்து எடுத்தாள். பக்கத்து வீட்டில் மிஷின் நின்றது. "அக்கா, என்னாச்சு?" என்று நர்ஸ் கேட்டாள். முனையில் பல்பு செத்தது.

இந்தத் தடவை தெருமுனையில் யாரும் புலம்பவில்லை. விசில் இல்லை, பேச்சு இல்லை. அந்த மௌனம்தான் அவளைத் தூக்கிப்போட்டது.

போனை எடுத்துத் தம்பிக்கு அடித்துக்கொண்டே ஓடினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. மேலே இருக்கும்போது எடுக்க மாட்டான். அவனேதான் சொன்னான், மேலே இருக்கும்போது எவன் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்று. அப்படியென்றால் மேலேதான் இருக்கிறான், வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான், கையில் கம்பி இருக்கும், அதனால்தான். இரண்டாம் தடவை அடித்தாள். எடுக்காதே கண்ணா, எடுக்காதே, வேலையைப் பார் என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவையும் அடித்தாள். பின்னால் புருஷன் அவளைக் கூப்பிடுவது கேட்டது. லாரியிலிருந்து வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை.

விழுந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு முனைக்கு வந்தாள். ஏணி கம்பத்தில் சாய்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கழுத்தை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய தலைக்கு மேலே எங்கோ, அவள் காதில் போகிற மணிக்குச் சரியாக, தம்பியின் போன் பாடிக்கொண்டிருந்தது. மேலே பார்க்க அவளுக்குக் கழுத்து எழவில்லை. குனிந்தாள். அவள் கையில் அந்த வயர் இன்னும் இருந்தது. அதன் இரண்டு தலைகளும் அவள் ஓடிவந்த வழியெல்லாம் ஈர ரோட்டில் இழுபட்டு, அவள் காலடியில் வந்து கிடந்தன.