செல்லாத மாப்பு

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஊசி போடுவதில்லை, மாத்திரை எழுதுவதில்லை, சும்மா உட்கார்ந்து பேசுவதற்கா ஒரு பொம்பளைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று வார்டில் எல்லாருக்கும் சந்தேகம். உளவியலாளர் என்றால் என்னவென்று 1962-ல் சிங்கப்பூரில் யாரிடம் போய் விளக்குவது? லண்டனில் படித்துவிட்டு வந்தவள், மனநல மருத்துவமனையின் முதியோர் வார்டில் 'டாக்டரம்மா' ஆகிப்போனேன்.

அங்கே இருந்தவர்களில் ஜலாலுதீனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுபத்தைந்தைத் தாண்டியவர். புதிதாக எதுவும் நினைவில் தங்காது. பழையதிலும் கடைசி இருபது வருடம் அடியோடு அழிந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை ஜப்பான்காரன் இன்னும் வரவே இல்லை. மகன் அஹமது கபீர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவான். அவருக்கோ எல்லா நாளும் சனிக்கிழமைதான். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருப்பார்.

கபீரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. "எத்தனை நாளைக்கு லா இவரை ஏமாத்துறது?" என்று அட்டெண்டன்ட் சேதுபதி ஒருநாள், நல்லெண்ணத்தில்தான், கிழவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். முதல் தடவை கேட்பவர்போல அவர் தரையில் விழுந்து கதறினார். மறுநாள் எல்லாம் மறந்து மறுபடியும் பொத்தான் போட்டுக்கொண்டார். இனிமேல் யாராவது அவரிடம் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று வார்டு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒலி முகம்மது வந்தார். தேக்காவில் ஜவுளிக்கடைக்காரர், அறுபது வயது இருக்கும். ஹஜ் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. போகுமுன் யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய் மாப்பு, அதாவது மன்னிப்பு, வாங்க வேண்டுமாம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டுமாம்.

"எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன் டாக்டரம்மா. இவர் ஒருத்தர்தான் பாக்கி."

"நான் டாக்டர் இல்ல பாய். அவருக்கு என்ன செஞ்சீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க பக்கத்துப் பக்கத்து வீடு. அண்ணன் மாதிரி, காக்கான்னுதான் கூப்பிடுவேன். கபீரை லாரி ஆளுங்க தொரத்துறாங்க. ஓடிவந்து என் கதவைத் தட்டுறான். 'சாச்சா, தொறங்க'ன்னு கத்துறான். தாழ்ப்பாள்ல கை வச்சுட்டேன் டாக்டரம்மா. ஆனா தொறக்கல. உள்ள என் புள்ளைங்க இருந்துச்சு."

அதன்பின் ஜலாலுதீன் அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள், ஒரு சலாம்கூடக் கிடையாது.

அழைத்துப் போனேன். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "யாரு, ஒலியா? வாடா வா! என்னடா, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு?"

"காக்கா, நான் ஒங்களுக்குச் செஞ்ச தப்பை மாப்பு செஞ்சிருங்க."

"நீ என்னடா செஞ்ச? மாப்பு செஞ்சேன், போ!" என்றவர் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைக்கும் மாப்பு. கோப்பியில சீனி போட மாட்டேங்குது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஒலி முகம்மது சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டார்: "இது செல்லுமா? சுயபுத்தியோட சொன்னதா?"

அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். "இல்ல பாய். எதுக்குன்னு தெரியாமச் சொன்னது." செல்லும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அப்ப நான் வெவரமாச் சொல்லி மாப்பு கேக்குறேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சொன்னா அவர் மகன் இன்னிக்குத்தான் செத்தான்னு ஆகும். உங்க நிம்மதிக்காக அவர் இன்னொரு தரம் புள்ளையப் பறிகொடுக்கணுமா?"

அவர் போய்விட்டார். கப்பலுக்கு முதல்நாள் மறுபடி வந்து நின்றார். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, ஆளே பாதியாகிவிட்டார். என் பிடிவாதம் தளர்ந்தது. கிழவர் ஒரு சாயங்காலம் அழுவார், காலையில் மறந்துவிடுவார். இந்த மனிதருக்கு ஆயுசு முழுக்கச் சுமை இறங்கும். அப்படி ஒருவர் அழுகையை இன்னொருவர் நிம்மதியோடு நிறுத்துப் பார்க்க எனக்கே அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் சேதுபதியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சொல்லுங்கள் என்றேன்.

"காக்கா, கபீரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

கிழவர் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "நானே ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நான் இங்க வந்து கெடக்கேன், வீடு பூட்டிக் கெடக்கு. புள்ள வந்தா ஒன் கதவைத்தான் தட்டுவான். நீ தொறந்து விடு ஒலி. ஒன்னை விட்டா எங்களுக்கு யாருடா இருக்கா?"

ஒலி முகம்மது வாயைத் திறந்தார். சேதுபதி ஓரடி முன்னால் வந்தார்.

"தொறக்குறேன் காக்கா" என்றார் ஒலி முகம்மது. கேட்க வந்த மாப்பைக் கேட்கவில்லை.

மறுநாள் கப்பல் போயிற்று. அடுத்த வாரம் பார்வையாளர் நேரத்தில் ஒலி முகம்மது வார்டில் நின்றார். "போயிருக்கலாமே பாய்!" என்று சண்டைக்குப் போனேன். "எந்த மொகத்தோட?" என்றார். அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. படித்த படிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கிழவர் என்னைத் தள்ளி எட்டிப் பார்த்து, எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார். "ஒலி! கபீர் வந்தானா?"

"வந்தான் காக்கா. தட்டுனான், தொறந்து விட்டேன். சோறு தின்னுட்டுத் தூங்குறான்."

கிழவர் கண்ணை மூடி இரண்டு கைகளையும் ஏந்தினார். "யா அல்லா, எம்புள்ளைக்குக் கதவைத் தொறந்து விட்ட இவன் புள்ளைங்களுக்கு நீண்ட ஆயுசக் கொடு."

ஒலி முகம்மது கைகளை ஏந்தாமல் நின்றார். கிழவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து அதட்டினார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? ஒன் புள்ளைங்களுக்குத்தானே கேக்குறேன், ஆமீன் சொல்லு."