எண்பத்தேழாம் குடிசையின் ராஸ்க்

"அத்தாட்சிப் பேப்பரைக் கொண்டா. எங்க குடும்பக் கல்லறைக் கல்லுல உன் தாத்தா பேரை நானே வெட்டச் சொல்றேன்" என்றான் ஹார்லன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னான். "இல்லேன்னா வாய மூடிக்கணும். எத்தனை வருஷமா இதே பாட்டு!"

மின்னசோட்டாவில் எங்கள் பக்கம் ராஸ்க் என்றால் ஹார்லனின் குடும்பம்தான். அவன் தாத்தா ஆண்டர்ஸ் ராஸ்க், ஸ்வீடனில் சிப்பாயாக இருந்துவிட்டு இங்கே வந்து நிலம் பிடித்தவர்.

என் தாத்தா யோஹானும் தன்னை ராஸ்க் என்றுதான் சொல்லிக்கொண்டார். அவர் அம்மா ஸ்டீனா பிரசவத்தில் செத்தாள்; ஒரு பண்ணையில் எடுத்து வளர்த்தார்கள். பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது பாதிரியார் ஒரே ஒரு தகவல் சொன்னார்: "உன் அப்பா, எண்பத்தேழாம் சிப்பாய்க் குடிசை ராஸ்க்."

அந்தக் குடிசை ராஸ்க் மின்னசோட்டா போய்விட்டார் என்று ஊரில் கேட்டு, நேராக ஆண்டர்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றார். "நான் உங்க மகன்."

ஆண்டர்ஸ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். தாத்தா பதினொரு வருடம் கூலியே இல்லாமல் அந்த நிலத்தில் கல் பொறுக்கினார். என்றாவது ஒருநாள் "மகனே" என்பார் என்ற ஆசைதான். ஆண்டர்ஸ் செத்த மறுவாரமே வீட்டுப் பிள்ளைகள் தாத்தாவைத் துரத்திவிட்டார்கள்.

"வெர்னா, அந்தக் குடும்பக் கல்லுல எங்கப்பா பேரைப் பாத்துட்டுதான் கண்ண மூடுவேன்" என்றாள் ஹுல்டா அத்தை. அந்த 1969இல் அவளுக்கு எழுபத்தொன்பது வயது. முதியோர் இல்லத்து டாக்டர் கோடைவரை தாங்காது என்றிருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லீவு போட்டு ஸ்வீடனுக்கு விமானம் ஏறினேன்.

ஸ்மோலாண்டில் ஆவணக் காப்பகம். பாதிரியார் வருடாவருடம் வீடு வீடாகப் போய், வேதம் படிக்க வருகிறதா என்று சோதித்து எழுதிய ஏடு. எண் எண்பத்தேழு, சிப்பாய் ராஸ்க். ஓரத்தில் ஒரு கிறுக்கல்: '1858 மார்ச். வேலைக்காரி ஸ்டீனாவுக்கு ஆண் குழந்தை. தன்னுடையதென்று ஒப்புக்கொண்டான்.'

ஜெயித்துவிட்டோம்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அங்கே வேலை பார்த்த குன்வோர். "நீங்க ஆண்டர்ஸ்னுதானே சொன்னீங்க? இது நீல்ஸ்."

"ராஸ்க்னு போட்டிருக்கே?"

"அது ஊர் சிப்பாய்க்குக் குடுக்குற குடிசைக்கு உண்டான பேருங்க. அங்க எவன் சிப்பாயா வந்தாலும் அவன் ராஸ்க். வேலை போனா பேரும் போயிடும். அடுத்தவன் வந்து மாட்டிக்குவான். ஊரவிட்டுப் போனவங்க சில பேரு அதையே வச்சுக்கிட்டதும் உண்டு."

பக்கத்தைப் புரட்டினாள். 1860 நவம்பர்: நெஞ்சு நோயால் நீல்ஸ் நீக்கம். புது ராஸ்க்காக ஆண்டர்ஸ், வேறு ஊரிலிருந்து வருகை. நீல்ஸ் அதே ஊர் ஏழைகள் விடுதியில் வெறும் நீல்ஸ் பெர்சனாக இருபத்தோரு வருடம் கிடந்து 1881இல் செத்திருந்தார். தாத்தாவை வளர்த்த பண்ணை அங்கிருந்து அரை மைல்.

இரண்டு பக்கத்துக்கும் நகல் வாங்கினேன். முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும் என்று வழியெல்லாம் மனசு சொன்னது. ஹார்லனுக்கு ஸ்வீடிஷ் படிக்க வராது.

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"ஆண்டர்ஸு அந்தக் குடிசைக்கு வந்ததே 1860லயா?"

"ஆமா அத்தை."

"அப்பா தன் வயசைச் சொல்லாமயா இருந்திருப்பாரு? பாத்த அன்னிக்கே அவனுக்குத் தெரியும், இது தனக்கு முன்னால இருந்தவன் புள்ளைன்னு." நகல்களை அடுக்கிப் போர்வைமேல் வைத்தாள். "ஹார்லன வரச்சொல்லு."

அவன் வந்தான். மேலே கிடந்த பக்கத்தில் ராஸ்க் என்ற பெயரையும் வருடத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். "சரிதான். தோத்துட்டேன் பெரியம்மா. வெள்ளிக்கிழமை கல்லுக்காரன் வர்றான்."

அத்தை கேட்டது அவள் கைக்கே வந்துவிட்டது.

"வேணாம்" என்றாள். "ரெண்டாவது பக்கத்தை அவனுக்குப் படிச்சுக் காட்டு வெர்னா."

படித்தேன். ஹார்லன் முகம் தெளிந்தது. "அப்ப எங்க தாத்தா பொய் சொல்லலையே?"

"இல்ல. வாயே தொறக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கப்பா திரும்பிப் போயிருப்பாரு. அவரப் பெத்தவர் அப்ப உசுரோட இருந்தாரு."

ஹார்லன் தொப்பியைக் கையில் உருட்டினான். "சோறு போட்டிருக்காரே, பெரியம்மா."

"அதான் வேணாங்கறேன். செத்தும் உங்க தாத்தன் காலடியில எங்கப்பா கெடக்க வேணாம்."

அவன் போனதும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மத்தியானச் சாப்பாடு வந்தது. தொடவில்லை. நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.