கிட்டத்தட்ட லிசென்சியாதா

எவரிஸ்தோ தன் பிக்கப் வண்டியைக் கழுவுகிறார் என்றால் ஏதோ விசேஷம் என்று தெரு முழுக்கத் தெரியும். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, இதற்கெல்லாம்தான் அந்த வண்டியை விட்டு பீச் தோட்டத்து மண் போகும். இந்தச் சனிக்கிழமை அவர் கழுவியது மகள் யாரேலிக்காக. பின்கண்ணாடியை மட்டும் துடைத்துக் காயவிட்டு, அதில் வெள்ளை ஷூ பாலிஷால், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘எங்கள் லிசென்சியாதாவுக்கு வாழ்த்துகள்!’

எல்லைக்குத் தெற்கே, மிச்சோவாகானில் அவர் பிறந்த ஊரில் லிசென்சியாதா என்றால் பட்டம் வாங்கினவள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தாளில் முத்திரை குத்துகிறவள். அவளைப் பார்க்க அப்பாக்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள்.

யாரேலி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அவள் முடிப்பது உள்ளூரில் இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜ். பட்டத்துக்கு அது பாதிதான். மீதி இரண்டு வருடத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் கண்ணாடியில் இருக்கும் சொல் அவளுடையது. டேவிஸ் பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. நாளை ராத்திரிக்குள் ‘வருகிறேன்’ என்று சொல்லவில்லையென்றால் அந்த இடம் போய்விடும். அப்பாவோ திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குப் பழம் பெட்டி கட்டும் ஷெட்டின் ஆபீசில் வேலை பேசி வைத்திருந்தார்.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” அம்மா சாயோ தமாலுக்கு மாவு பிசைந்தபடி கேட்டாள். “நாப்பது பேர் வராங்க. மாவை வெச்சுச் சுத்தச் சோளமட்டையாவது ஊறப் போடு.”

“அம்மா, ரெண்டே வருஷத்துல முடிஞ்சுடுச்சேன்னு அப்பா யோசிக்கவே இல்லையா?”

“நான் கேட்டேனே! இந்த நாட்டுல எல்லாமே சீக்கிரம்டி சாயோன்னாரு. கோழியே ஆறு வாரத்துல வளர்ந்துடுதாம்.”

யாரேலிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவிடம் அவள் பொய் சொன்னதில்லை. ‘காலேஜ் முடியப் போகுது’ என்றாள், அது உண்மை. அவர் தன் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஏன் என்று ராத்திரிகளில் தன்னையே கேட்டபோது வந்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து அல்ல. அவர் நினைப்பதே நிஜமாகிவிட்டால் அவள் போக வேண்டாமே. இங்கே வாத்தியார்களுக்கு அவள் பேர் தெரியும். பார்க்கிங்கில் எந்த மரத்தடியில் நிழல் என்று தெரியும். அங்கே ஒரே வகுப்பில் முந்நூறு பேர், எல்லாரும் முதல் வருடத்திலிருந்தே ஒன்றாய் இருப்பவர்கள். பாதியில் போய் நிற்கப்போகிறவள் அவள். அப்பாவின் தப்பு, ஒளிந்துகொள்ள வசதியான இடமாக இருந்தது.

எவரிஸ்தோ சட்டை மாற்ற உள்ளே போனார். யாரேலி வெளியே வந்தாள். பாலிஷ் குப்பி டயர் பக்கத்தில் திறந்தே கிடந்தது. வாயால் சொல்ல மூன்று மாதமாக முயன்று தோற்றவள், குப்பியை எடுத்து அந்தச் சொல்லுக்கு மேலே சின்னதாக எழுதினாள்: ‘கிட்டத்தட்ட’.

அழித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் கதவுச் சத்தம்.

எவரிஸ்தோ பொத்தான் போட்டுக்கொண்டே வந்து கண்ணாடியைப் படித்தார். மறுபடி படித்தார்.

“யார் வேலை இது? உன் அத்தை பையனா?”

“நான்தான்ப்பா.”

“எதுக்கு?”

“இது பாதிதான்ப்பா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. டேவிஸ்ல. இடம் கெடைச்சிருக்கு.”

அவர் பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருந்தார். அதைச் சரி செய்யவில்லை.

“அப்ப இன்னிக்கு எதுக்குக் கவுனு, தொப்பி எல்லாம்?”

“பாதிக்கும் குடுப்பாங்க.”

“பாதிக்குமா! நாப்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன் மகளே. உன் பெரியப்பா எல்லை தாண்டி டிஹுவானாலருந்து வந்துட்டிருக்காரு. முதலாளிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். என்னைப் பொய்யன் ஆக்கிட்டியே.”

“சொல்லப் பயமா இருந்துது.”

“நான் என்னிக்காவது அடிச்சிருக்கேனா?”

“உங்களுக்குப் பயந்து இல்லப்பா. அங்க போறதுக்குத்தான். நீங்க முடிஞ்சுதுன்னு சொல்லச் சொல்ல, சரி, முடிஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு.”

எவரிஸ்தோ வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். புதுப் பேண்ட் நனைந்தது, கவனிக்கவில்லை.

“டேவிஸ்னா… ரோட்டுலருந்து பெரிய தண்ணித் தொட்டி தெரியுமே, அந்த ஊரா?”

“ஆமா.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் தக்காளி பறிச்சிருக்கேன். தினமும் அந்தத் தொட்டியத் தாண்டித்தான் போவோம். அது பள்ளிக்கூடத்துதுன்னு ஒருத்தனும் சொல்லல.” தலையை ஆட்டினார். “சாயங்காலம் ஆனா காத்து ஜில்லுன்னு வரும். ஸ்வெட்டர் எடுத்துக்க.”

யாரேலி அவரைப் பார்த்தாள்.

“இன்னும் கோபமாத்தான் இருக்கேன்,” என்றார் அவசரமாக. “திங்கக்கிழமை நீயே போய் முதலாளிகிட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு.”

“சொல்றேன். படிப்பு தொடங்கற வரைக்கும் வேலைக்கு வரேன்னும் சொல்றேன்.”

“நம்ம வீட்ல யாரும் பாதி வரைக்கும்கூடப் போனதில்ல,” என்றார் எங்கோ பார்த்தபடி.

அம்மா வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தாள். “இது என்ன கண்றாவி? அழிங்க, ஜனங்க சிரிப்பாங்க.”

“இருக்கட்டும்,” என்றார் எவரிஸ்தோ. “ஏறு. வழியில சொல்றேன்.”

மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு காலேஜ் விழாவுக்குப் போனார்கள். அம்மா பாதி வழி கத்தினாள், பாதி வழி அழுதாள். அவள் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் யாரேலி போனை எடுத்து, பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ‘வருகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினாள். பயம் போகவில்லை. அது அவளோடு சேர்ந்து அந்தச் சீட்டில் நாலாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சிக்னலில், பின்னாலிருந்து வந்து பக்கத்தில் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்து, “வாழ்த்துகள் லிசென்சியாதா!” என்று கத்தினான்.

எவரிஸ்தோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“கிட்டத்தட்ட!” என்று திருப்பிக் கத்தினார். “மேல எழுதியிருக்கு, படிடா!”